உயரம் குறைத்த காரை ஜாக்கி போட்டுத் தூக்குவது

கேள்வி: என் போலோவுக்கு 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன், கதவுக்கு அடியில் தொங்கும் பட்டையான சைடு ஸ்கர்ட்டும் உண்டு. வீட்டில் இருக்கும் டிராலி ஜாக்கி காருக்கு அடியில் நுழையவே மாட்டேன் என்கிறது. செங்கல் வைத்துச் சமாளிக்கலாம் என்கிறார் தெரிந்த மெக்கானிக். பாதுகாப்பாகத் தூக்க என்ன வழி? வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது?

பதில்:

செங்கல் வேண்டாம். ஹாலோ பிளாக்கும் வேண்டாம். இரண்டும் பரவலாக விழும் எடையைத்தான் தாங்கும். ஜாக்கியின் தலையோ, தூக்கிய காரைத் தாங்க வைக்கும் இரும்பு ஸ்டாண்டின் காலோ ஒரே புள்ளியில் அழுத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் பிளந்துவிடும். மரம் அப்படியில்லை. நசுங்கும், முனகும், பிறகுதான் விடும். அந்த இடைவெளியில் கையை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு ஸ்கேலை எடுத்து மூன்று இடங்களை அளந்து எழுதி வையுங்கள்: முன் பம்பரின் கீழ் உதடு, சைடு ஸ்கர்ட்டின் அடிவிளிம்பு, அதற்குள்ளே ஜாக்கி வைக்க வேண்டிய இரும்பு விளிம்பு. போலோவுக்குக் கம்பெனி சொன்ன சுமார் 165 மி.மீ. என்பது அடியில் மிகத் தாழ்வாக இருக்கும் பாகத்தின் அளவு. ஜாக்கி வைக்கும் விளிம்பு அதைவிடச் சற்று மேலேதான் இருக்கும். உங்கள் காரில் அதிலிருந்து 40 மி.மீ. போய்விட்டது, அதற்கும் கீழே ஸ்கர்ட் தொங்குகிறது. சாதாரண டிராலி ஜாக்கியின் தலை முழுவதும் இறங்கிய நிலையிலேயே 130 முதல் 140 மி.மீ. இருக்கும். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் பாட்டில் ஜாக்கி இன்னும் உயரம். ஆக உங்கள் ஜாக்கியில் குறை எதுவும் இல்லை, கணக்கு உதைக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குப் பலரும் ஜாக்கி பக்கமே யோசிக்கிறார்கள். மண்ணைத் தோண்டி அதில் ஜாக்கியை இறக்குவது, சாய்த்துச் செருகுவது, ஸ்கர்ட்டை ஒருவர் இழுத்துப் பிடிக்க இன்னொருவர் அழுத்துவது என்று நிறைய வித்தை பார்த்திருக்கிறேன். எல்லாமே பிரச்சினையைப் பெரிதாக்கும். உயரத்தை டயருக்கு அடியில் சேர்க்க வேண்டும். கார் தானே ஏறி நின்றுவிட்டால் ஜாக்கிக்கு வேலை சுலபம். இந்த ஒன்று பிடிபட்டால் மீதி எல்லாம் அதிலிருந்து வந்துவிடும்.

இதற்குத் தேவை நான்கு பலகைகள். மரக்கடையில் 2 அங்குல கனம், 10 அங்குல அகலம், 2 அடி நீளத்துக்கு அறுத்து வாங்குங்கள். டயரைவிடப் பலகை அகலமாக இருப்பது முக்கியம். 205 மி.மீ. டயருக்கு 8 அங்குலப் பலகை சரிக்குச் சரியாக நிற்கும், அது போதாது. வெடிப்போ பெரிய கணுவோ இருந்தால் மாற்றிக் கேளுங்கள். இரண்டு பலகைகளின் ஒரு முனையை மட்டும் ஆசாரியிடம் கொடுத்துச் சாய்வாகச் சீவிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டயர் ஏறும்போது பலகையைத்தான் தள்ளிக்கொண்டு போகும். டைல்ஸ் தரை என்றால் அடியில் பழைய ரப்பர் மேட் போட்டாக வேண்டும். போலோ முன் சக்கரத்தால் ஓடும் வண்டி, வழுவழுப்பான தரையில் முன் டயர் பலகையைக் கார் போகும் திசைக்கு எதிராக விசிறி எறிந்துவிடும். அப்போது யாரும் பலகைக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது.

பலகையை முன் சக்கரத்துக்கு முன்னால் வைத்து ஏற்றுவதைவிட, பின்னால் வைத்து ரிவர்ஸில் ஏற்றுவது நல்லது. முன் பம்பரின் உதடு பலகையில் உரசுமோ என்ற பயமே இருக்காது. ஆனால் பலகை ஸ்கர்ட்டுக்கு அடியில் தாராளமாக நுழைகிறதா என்று முதலில் கையால் தள்ளிப் பாருங்கள். ஒருவர் வெளியே நின்று சொல்ல, கிளட்சில் மெல்ல ஏற்றுங்கள்.

இப்போது முன்பக்கம் 50 மி.மீ. உயர்ந்துவிட்டது. முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் ஜாக்கி இடமும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியிருக்கும். பல கார்களில் சாதாரண ஜாக்கியே இந்த நிலையில் உள்ளே போய்விடும். ஒரு சக்கரம் கழற்றி மாட்டும் வேலைக்கு இதுவே போதும்.

அடியில் படுத்து வேலை செய்யவேண்டும் என்றால் இரண்டாவது படி தேவை. காரின் பக்கவாட்டில், கதவுக்கு அடியில் உள்ள ஜாக்கி இடத்தில் ஜாக்கி வைத்து, டயர் பலகையை விட்டு லேசாக எழும்பும் வரை தூக்குங்கள். முதல் பலகைமேல் இன்னொரு பலகையைச் செருகி, டயரை அதன் மேல் இறக்குங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது 100 மி.மீ. கிடைத்துவிட்டது. டிராலி ஜாக்கி பம்பருக்கு அடியில் உருண்டு, இன்ஜினைத் தாங்கும் கனமான குறுக்கு இரும்புவரை போகும். அங்கிருந்து முன்பக்கம் முழுவதையும் ஒரே சீராகத் தூக்கி, இருபுறமும் ஜாக்கி இடங்களுக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்கலாம். அரை மணி நேரம் கூடுதலாகத்தான் ஆகும். ஆகட்டும்.

புது ஜாக்கி வாங்குவதாக இருந்தால் லோ புரொஃபைல் டிராலி ஜாக்கி பாருங்கள். தலை 75 முதல் 85 மி.மீ. வரை இறங்கும். உங்கள் கார் 1,100 கிலோ சுமாருக்குத்தான் இருக்கும், 2 டன் தாராளம். உடம்பு நீளமானதா என்று பார்த்து வாங்குங்கள், அதைக் கவனிப்பவர்கள் குறைவு. குட்டையான ஜாக்கியைத் தாழ்ந்த பம்பருக்கு அடியில் தள்ளினால், கைப்பிடி பம்பரில் இடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் நான்கு விரல்கடை தூரம்தான் ஆடும். அதைவிட மோசம், இறக்கிய பிறகு ஜாக்கியை வெளியே எடுக்க முடியாமல் போவது. காருடன் வந்த கத்தரி ஜாக்கி மடங்கிய நிலையில் மெலிதுதான். ஆனால் அதன் அடிப்பாகம் குறுகல். நடுவழியில் டயர் மாற்ற மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

டிராலி ஜாக்கிக்குச் சக்கரம் எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? அதன் கை நேராக மேலே போவதில்லை, வளைவாகத்தான் எழும்புகிறது. கார் ஏற ஏற ஜாக்கி கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு உள்ளே போக வேண்டும். சக்கரம் பேவர் பிளாக் இடுக்கிலோ மண்ணிலோ சிக்கினால் ஜாக்கி நகராது, அதன் தலைதான் காரை விட்டு வழுக்கும். தாழ்த்திய காரில் ஆரம்ப உயரம் குறைவு, தூக்கவேண்டிய தூரம் அதிகம் என்பதால் இந்த நகர்வும் கூடுதல். எனவே கான்கிரீட் தரைதான் முதல் தேர்வு. பேவர் பிளாக்கோ தாரோ தவிர வேறு வழியில்லை என்றால் 18 மி.மீ. பிளைவுட் ஒன்றை விரித்து அதன்மேல் ஜாக்கியை உருளவிடுங்கள். அந்த 18 மி.மீ. ஜாக்கியின் உயரத்தோடு சேர்ந்துவிடும், அதற்கேற்ப டயருக்கும் உயரம் கொடுக்க வேண்டும். மே மாத வெயிலில் தார் ரோட்டில் ஸ்டாண்டை நேராக நிறுத்தினால் கால் மெல்ல அமிழும். அங்கேயும் பிளைவுட் வேண்டும்.

நம் வீட்டு போர்ட்டிகோக்கள் மழைநீர் வடிய வாட்டம் விட்டுக் கட்டப்பட்டவை. கண்ணுக்குச் சமமாகத்தான் தெரியும், ஒரு பந்தை வைத்தால் தெருவைப் பார்த்து ஓடும். ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை போடாமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். போலோவில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. முன்பக்கம் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கும் பின் சக்கரக் கட்டையும் காரை நிறுத்தும். பின்பக்கம் தூக்கினால் ஹேண்ட்பிரேக் பிடித்திருக்கும் சக்கரங்கள் காற்றில் நிற்கின்றன, அதனால் பயன் இல்லை. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போட்டு, கியரிலும் விடுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கியிருக்கும்போது கியர் எதையும் பிடித்து வைக்காது. தரையில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் உருள, தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். இரு சக்கரங்களையும் தனித்தனியாகச் சுற்ற விடும் டிஃபரன்ஷியலின் வேலையே அதுதான். "கியர்ல விட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கையில் எத்தனையோ கார்கள் ஜாக்கியை விட்டு இறங்கியிருக்கின்றன.

எங்கே ஜாக்கி வைப்பது? கதவுக்கு அடியில் முழு நீளத்துக்கும் ஒரு இரும்பு விளிம்பு ஓடும். முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் அதில் அடையாளம் இருக்கும். அந்த இடத்தில் மட்டும்தான் உள்ளே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். சற்றுத் தள்ளி வைத்தாலும் விளிம்பு மடங்கும். மடங்கிய இடத்தில் பெயிண்ட் விரிசல் விட்டு, சென்னை மாதிரி கடலோர ஊரில் துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஸ்கர்ட் மாட்டியவர்கள் இந்த அடையாளத்தை மறைத்தே மாட்டிவிடுவார்கள். ஒருமுறை நிதானமாகத் தேடி, நேர் மேலே ஸ்கர்ட்டின் அடிப்பக்கத்தில் வெள்ளை பெயிண்ட் புள்ளி வைத்துவிடுங்கள். இரவில் மழையில் தேட வேண்டியிருக்காது. நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை ஒன்றை ஜாக்கியின் தலையில் வைத்தால், விளிம்பு பள்ளத்துக்குள் இறங்கி, எடை அதன் இருபக்கத் தகட்டுக்கும் போகும். ஸ்கர்ட்டும் ஜாக்கியில் படாது. ஜாக்கித் தலைமேல் மரத்துண்டுகளை அடுக்குவது இதற்கு மாற்று ஆகாது, அடுக்கு என்றாலே வழுக்கும்.

ஆயில் சம்ப், கியர் பாக்ஸ், சைலன்சர், ரேடியேட்டரைத் தாங்கும் மெல்லிய பட்டை, இழுத்துச் செல்ல மாட்டும் கொக்கி, இவற்றில் எதிலும் ஜாக்கி கூடாது. போலோவின் பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு பீமின் (டார்ஷன் பீம்) நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்குபவர்கள் உண்டு. நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன், பக்கத்து இடங்கள் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

பக்கத்து இடத்தில் ஜாக்கி இருந்தால் ஸ்டாண்டை எங்கே வைப்பது என்பது நியாயமான கேள்வி. பாடி விறைப்பானது. முன் ஜாக்கி இடத்தைத் தூக்கினாலே அதே பக்கத்தின் பின் பகுதியும் சேர்ந்து எழும்பும். ஆகவே பின்பக்க வேலைக்கு முன் இடத்தில் ஜாக்கி வைத்து, பின் இடத்துக்கு அடியில் ஸ்டாண்ட் நுழைகிற அளவு தூக்கலாம். சிறிய ஸ்டாண்டுகளே 270–280 மி.மீ. உயரத்தில்தான் தொடங்கும். அந்த உயரம் வரவில்லை என்றால் பலகைதான் கைகொடுக்கும், ஜாக்கியின் கடைசி மூச்சுவரை பம்ப் செய்யாதீர்கள்.

ஸ்டாண்ட் பற்றி இன்னொன்று. பல் வெட்டிய தண்டுள்ள (ராட்செட்) வகையில் பூட்டு பல்லுக்குள் முழுமையாக விழுந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும், சத்தத்தை நம்பக் கூடாது. அமெரிக்காவில் 2020-ல் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது இந்தக் குறைக்காகத்தான். பூட்டு பல்லில் சரியாகப் பிடிக்காமல், எடை அசைந்தால் சடாரென இறங்கிவிடும் வாய்ப்பு இருந்தது. குறுக்கே பின் செருகும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், அதில் ஏமாற இடமில்லை. ஸ்டாண்டின் எடை அளவு ஜோடிக்கா, ஒன்றுக்கா என்பதையும் பாருங்கள்.

காரை ஸ்டாண்டில் இறக்கிய பிறகு தோளால் முட்டி நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து விளிம்புக்கு அடியில் தள்ளிவிடுங்கள், கடைசிக் காவலுக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பின் எந்தப் பாகமும் உள்ளே போகக் கூடாது, ஒரு நிமிட வேலையாக இருந்தாலும். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எப்போது கசியும் என்று ஜாக்கி சொல்லிவிட்டுச் செய்யாது. காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

அடுத்தது, உயரம் குறைத்த கார்களுக்கே உரிய ஆபத்து. உங்கள் ஸ்பிரிங் கடையில் வாங்கிய லோயரிங் ஸ்பிரிங்கா, அல்லது பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிப் போட்டதா? வெட்டியது என்றால் கவனம். காரைத் தூக்கியதும் சக்கரம் கீழே தொங்கும், ஷாக் அப்சார்பர் முழுநீளம் விரியும், ஆனால் ஸ்பிரிங் அந்த நீளத்துக்கு வராது. தன் இருக்கையில் தளர்ந்து ஆடும். போலோவில் பின் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரோடு சேராமல் தனியே உட்கார்ந்திருப்பதால், நழுவி விழவே விழும். திரும்ப இறக்கும்போது கோணலாக உட்கார்ந்தால், போகிற வழியில் வளைவில் அது வெளியே குதிக்கலாம். தூக்கும்போதெல்லாம் ஸ்பிரிங்கின் மேல் முனையும் கீழ் முனையும் பள்ளத்தில் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இறக்கும்போது இன்னொரு முறை. நல்ல ஸ்பிரிங் என்றால் இந்தத் தலைவலி இல்லை. விறைப்பான குட்டை ஷாக்குகளோடு வரும் செட் என்றால் ஒரு லாபமும் உண்டு: சக்கரம் அதிகம் தொங்காது, கொஞ்சம் தூக்கினாலே தரையை விட்டு எழும்பிவிடும்.

வேலையின் வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். சக்கரம் தரையில் அழுந்தி இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்தி, பிறகு தூக்குவது. போலோவில் நட்டு கிடையாது, போல்ட். அதனால் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஓட்டையைப் பொருத்துவதற்குள் கை வலிக்கும். அதே மரையில் நீளமான கம்பி ஒன்று, தலையில்லாமல், ஒரு ஓட்டையில் முடுக்கி அதில் சக்கரத்தைத் தொங்கவிட்டால் வேலை எளிது. கடைசி முறுக்கு 120 நியூட்டன் மீட்டர். சக்கரம் தரையில் பட்ட பிறகு, குறுக்குக்குறுக்காக.

இறக்கும்போது பலகை அப்படியே டயருக்கு அடியில் இருக்கட்டும். வேலை முடிந்தது என்று அவசரத்தில் பலகையை எடுத்துவிட்டு நேராகத் தரைக்கு இறக்குபவர்களுக்கு ஜாக்கி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். டயர் பலகைமேல் இறங்கி, ஜாக்கி வெளியே வந்து, அப்புறம் காரை ஓட்டி இறக்குங்கள். ஜாக்கியின் வால்வைக் கால் சுற்றுக்கு மேல் திறக்க வேண்டாம். இறங்கிய புதிதில் கார் முன்பைவிட உயரமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், சக்கரம் உள்வாங்கி நிற்கிறது. கொஞ்ச தூரம் ஓடியதும் தன் நிலைக்கு வந்துவிடும்.

இனி பஞ்சர். தட்டையான டயரால் அந்த மூலை இன்னும் 50–60 மி.மீ. கீழே போகும், 205/45 போன்ற மெல்லிய டயராக இருந்தாலும். அந்த நிலையில் லோ புரொஃபைல் ஜாக்கியே திணறும். இங்கே மிகச் சுலபமான வழி காற்றடிப்பது. 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியது என்றால், ஆணியைப் பிடுங்காமல் காற்றடித்தால் பெரும்பாலும் பத்து நிமிடமாவது நிற்கும். அதற்குள் ஜாக்கியைச் செருகிவிடலாம், அல்லது பஞ்சர் கடைக்கே போய்விடலாம். டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தால் காற்று நிற்காது. அப்போது ஒரு துண்டுப் பலகைமேல் தட்டை டயரையே ஏற்றுங்கள். டயர் ஏற்கெனவே போனதுதான், பலகையில் ஏறுவதால் புதிதாக ஒன்றும் கெடாது. ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி இடத்தில் வண்டிகள் பறக்கும் பக்கத்துச் சக்கரம் என்றால், அங்கேயே மாற்றாதீர்கள். அபாய விளக்கைப் போட்டு, நடை வேகத்தில் பாதுகாப்பான திருப்பம் வரை ஓட்டிவிடுங்கள். டயரும், கொஞ்சம் துரதிர்ஷ்டம் இருந்தால் ரிம்மும் போகும். போகட்டும். லாரி அழைப்பதாக இருந்தால் கார் முழுவதும் மேலே ஏறும் பிளாட்பெட் வேண்டும் என்று சொல்லி அழையுங்கள், காரின் உயரம் குறைந்தது என்பதையும் சேர்த்து. கொக்கியில் தூக்கி இழுக்கிற வண்டி வந்தால் முன் பம்பரை மறந்துவிடலாம்.

ஏர் சஸ்பென்ஷன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: காரை மேல் நிலைக்கு ஏற்றி, ஜாக்கி மோட் இருந்தால் அதைப் போட்ட பிறகே தூக்குங்கள். தானாகச் சமநிலை செய்யும் அமைப்பு, சக்கரம் தொங்குவதைப் பார்த்துக் காற்றை விட்டுவிடும். வெளியே வாங்கிப் பொருத்திய காற்றுப் பை என்றால், பை தூக்கி நிற்கும் தைரியத்தில் அடியில் கையை விடாதீர்கள்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். கம்பெனி அளவை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் கேட்கும்போது இது எழும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் உள்ள பட்டறைக்குப் போவதென்றாலும் உங்கள் பலகைகளை டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு தூண் லிஃப்டின் கைகளும் உங்கள் ஸ்கர்ட்டுக்கு அடியில் நுழையாமல் போகலாம். நுழையவில்லை என்றதும் பையன்கள் ஸ்கர்ட்டோடு சேர்த்துத் தூக்கத் தயங்கமாட்டார்கள். நான்கு பலகைமேலும் காரை நிறுத்தி, வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி, கைகளின் ரப்பர் தலை நான்கும் விளிம்பில் பட்டதை நீங்களே குனிந்து பார்த்த பிறகு ஒரு சாண் மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். ஆட்டிப் பார்த்துச் சரியாக இருந்தால் மேலே போகட்டும்.